புதிய பாட்டுப்பெட்டி தென்காசியில் விலைபோகாமல் இருக்கச் சில வழிகள்

உங்கள் கருவி அருமையான கருவி. அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. விலைபோகாமல் இருப்பதற்கு அதுதான் முதல் தகுதி.

போன சாரல் சீசனில் பெங்களூரிலிருந்து ஒரு தம்பி என் கடைக்கு வந்தார். காதில் மாட்டுகிற சாமான் ஒன்று செய்திருக்கிறாராம். மாட்டிக்கொண்டால் வயலின் இடப்பக்கம் மூன்றடி தள்ளிக் கேட்குமாம், தபேலா வலது தோளுக்குப் பின்னால் கேட்குமாம். நாம் தலையைத் திருப்பினாலும் வயலின்காரர் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையமாட்டாராம். “இதைச் சின்ன ஊர்கள்ல எப்படிக் கொண்டுபோறது அண்ணாச்சி?” என்று கேட்டார்.

நான் தென்காசியில் பாட்டு விற்க ஆரம்பித்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. கேசட்டில் பதிந்து கொடுத்தேன், சி.டி.யில் எழுதிக் கொடுத்தேன், மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தேன். இப்போது சார்ஜர் ஒயரும் டெம்பர் கிளாஸும் விற்கிறேன். ஜெயிக்க வழி தெரிந்திருந்தால் இந்நேரம் குற்றாலத்தில் லாட்ஜ் கட்டியிருப்பேன். தோற்பதற்கு வழி நன்றாகத் தெரியும். உலகத்துப் பெரிய கம்பெனிகள் பலவும் தோற்றதை இந்தக் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்தவன். அந்தத் தம்பியிடம் டீ ஆறுவதற்குள் சொல்ல முடியாததை, அவரைப் போல இனி வரப்போகிறவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் வழி, காதை மட்டும் நம்புங்கள். பாட்டுக் கருவி வாங்குகிறவன் காதால் முடிவெடுக்கிறான் என்று நீங்கள் நம்புகிறவரை உங்கள் தோல்வியைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். 1999-ல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து சூப்பர் ஆடியோ சி.டி. என்று ஒன்றைக் கொண்டுவந்தன. மறு வருஷமே அதற்குப் போட்டியாக டி.வி.டி. ஆடியோ வந்தது. இதன் பெட்டியில் அது பாடாது, அதன் பெட்டியில் இது பாடாது. யாருடைய ஒலி அதிகத் துல்லியம் என்று இரண்டும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே நாட்களில் என் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டது எம்.பி.3 சி.டி. எம்.பி.3 என்றால் என்ன? காது எப்படியும் கவனிக்காது என்று கணக்குப் போட்டுப் பாட்டின் பெரும்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சுருட்டி வைப்பது. நாங்கள் போட்ட 128 என்ற அளவில், சி.டி.யில் இருந்ததில் பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆனால் ஒரு தட்டில் நூற்றைம்பது பாட்டு. ‘இளையராஜா 150’ என்று உறைமேல் ஒட்டினால் போதும், எத்தனை பங்கு வெட்டியது என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.

அந்தத் துல்லியச் சண்டையையும் ஒருமுறை சோதித்துப் பார்த்தார்கள். 2007-ல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இரண்டு பேர் இந்த உயர்ந்த ரகத் தட்டின் ஒலியையும், அதையே சாதா சி.டி. அளவுக்குக் குறைத்த ஒலியையும் மாற்றி மாற்றிப் போட்டு, எது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கேட்டவர்களில் ஒலிப்பதிவுத் தொழில்காரர்களும் இருந்தார்கள். 554 முறை கேட்டு 276 முறை சரியாகச் சொன்னார்கள். பூவா தலையா போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். ஆகவே உங்கள் டப்பாவின்மேல் ‘துல்லியம்’ என்ற சொல்லை எவ்வளவு பெரிதாக அச்சடிக்க முடியுமோ அச்சடியுங்கள்.

இரண்டாவது வழி மிக முக்கியம். எக்காரணம் கொண்டும் என் சித்தியிடம் உங்கள் கருவியைக் காட்டாதீர்கள்.

சித்திக்குப் பாவூர்சத்திரம் பக்கம் ஊர். அறுபத்தெட்டு வயது. ஐம்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறாள். தென்காசி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, தெருவுக்குப் பாதி வீட்டுத் திண்ணையில் இந்தக் காட்சி உண்டு. மடியில் சுளகு. சுளகில் அளவாக வெட்டிய இலை ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம். இடது கை இலையை எடுக்கும்போதே வலது கை தூளை அள்ளியிருக்கும். உருட்டி, வாயை மடக்கி, நூலைச் சுற்றி அறுத்துப் போடுவதற்குள் அடுத்த இலை கைக்கு வந்திருக்கும். இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு, நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. கை நின்றால் காசு நிற்கும். விரல் பத்திலும் புகையிலைத் தூள்.

சித்தியின் ஜன்னல் திட்டில் ஒரு ரேடியோ இருக்கிறது. கம்பெனிப் பெயர் தேய்ந்துவிட்டது. ஸ்டேஷன் மாற்றுகிற குமிழ் உடைந்து பதினைந்து வருஷம் ஆகிறது. குமிழ் இருந்த இடத்தில் சின்ன இரும்புத் தண்டு மட்டும் துருத்திக்கொண்டிருக்கும். அதைத் திருகுவதற்கென்றே பக்கத்தில் ஒரு குறடு. அந்தக் குறட்டையும் அவள் அடிக்கடி எடுப்பதில்லை. காலையில் நெல்லை வானொலியில் நிறுத்தினால் பொழுதுக்கும் அதுதான். அவளுக்கு அது பாட்டுப்பெட்டி மட்டும் இல்லை, கடிகாரமும்கூட. மதியச் செய்தி வருவதற்குள் இத்தனை கட்டு, நாடகம் முடிவதற்குள் இத்தனை கட்டு என்று கணக்கு. செய்தி வாசிக்கிறவர் தொண்டையைச் செருமினால் சித்தியின் விரல் வேகம் எடுக்கும்.

பெங்களூர்த் தம்பி கேட்கவில்லை. சித்தியைப் பார்த்தே தீருவேன் என்று ஒருநாள் என் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டார். திண்ணையில் உட்கார்ந்து, தன் கருவியை வெல்வெட் பெட்டியிலிருந்து எடுத்து, இதை இரண்டு தட்டுத் தட்டினால் அடுத்த பாட்டு, மூன்று தட்டுத் தட்டினால் முந்தின பாட்டு, அழுத்திப் பிடித்தால் வெளிச்சத்தம் எதுவும் உள்ளே வராது என்று பொறுமையாகச் சொன்னார். சித்தி சுற்றுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“யய்யா, இதைக் கையக் கழுவிட்டுத்தான் தொடணுமோ?”

தம்பி, ஆமாம் என்றார்.

“ரெண்டு காதையும் அடைச்சிட்டா வாசல்ல யாரு வாரான்னு எனக்கு எப்படித் தெரியும்? குக்கர் எத்தன விசில் அடிச்சிதுன்னு யாரு எண்ணுவா?”

வெளிச்சத்தத்தை அறவே ஒழிப்பதற்குத்தான் இரண்டு வருஷம் உழைத்தேன் என்று தம்பி திரும்பி வரும்போது சொன்னார். ஒழிக்கத்தான் வேண்டும், விமானத்தில் போகிறவருக்கு. திண்ணையில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஊர்ச் சத்தம்தான் முக்கியம், பாட்டு அதற்கு ஊறுகாய். இதனால்தான் சொல்கிறேன், சோதனையையெல்லாம் கதவு சாத்திய ஏ.சி. அறையில், கை சும்மா இருக்கிற ஆட்களை வைத்தே நடத்துங்கள்.

அடுத்தது பூட்டு. உங்கள் கருவிக்குள் போனது எதுவும் வெளியே வரக்கூடாது, வெளியில் இருப்பது எதுவும் உள்ளே போகக்கூடாது. இதைக் கறாராகக் கடைப்பிடித்தால் தோல்வி பாதி உறுதியாகிவிடும்.

இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டு கெட்டுப்போன உதாரணம் கேசட். 1963-ல் பிலிப்ஸ் அதைக் கொண்டுவந்தது. ஒலியைப் பொறுத்தவரை சுமார் ரகம்தான். விரல் அகலம்கூட இல்லாத நாடா, விநாடிக்கு ஐந்து சென்டிமீட்டரைக்கூடத் தொடாத வேகம், பின்னணியில் எப்போதும் ‘உஸ்’. ஆனால் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், உரிமைத்தொகை வேண்டாம், அளவு மட்டும் மாறக்கூடாது என்று விட்டுவிட்டார்கள். அதனால் துபாயில் ஒரு கம்பெனிப் பெட்டியில் பதிந்தது கடையநல்லூரில் இன்னொரு கம்பெனிப் பெட்டியில் பாடியது. பாடியது என்று சொல்வதுகூடச் சரியில்லை, பேசியது.

கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னக் காது மாதிரி பிளாஸ்டிக் துண்டு இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அதை ஒடித்துவிட்டால் மேலே பதிய முடியாது. கம்பெனிக் கேசட்டுகள் ஒடித்தே வரும். அந்த ஓட்டையில் காகிதத்தை மடித்துத் திணித்தாலோ, மேலே டேப் ஒட்டினாலோ மறுபடி பதியலாம். எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், கடையநல்லூர்க்கார அம்மா ஒருத்தர் சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்றைக் கொண்டுவந்து, “இதுல பேப்பர் வச்சுக் குடு தம்பி, பேசணும்” என்றார். கணவர் சவூதியில். அவர் பேசி அனுப்பிய கேசட்டுக்குப் பதில் பேசி அனுப்ப வேண்டும், கடிதம் எழுதத் தெரியாது, இன்னொருவரை எழுதச் சொன்னால் சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியாது. ஒரு வாரம் கழித்து அதே கேசட்டோடு வந்தார். ஒழுங்காகப் பதிந்திருக்கிறதா என்று முதல் ஒரு நிமிஷம் மட்டும் போட்டுப் பார்க்கச் சொன்னார். சேவல் கூவியது, ஒரு குழந்தை சிணுங்கியது, பிறகு அந்த அம்மாவின் குரல், “நான்தான் பேசுதேன்” என்றது. நிறுத்திவிட்டேன். பேச்சு முடிந்த இடத்தில் அழியாமல் மிஞ்சிய பழைய பாட்டில் ஒரு துண்டும் அவர் குரலோடு சவூதிக்குப் போயிருக்கும்.

அந்தக் காகிதத் துண்டைத் திணிக்க இடம் விட்ட கருவி முப்பது வருஷம் ஊரை ஆண்டது. இன்று வாட்ஸாப்பில் மைக் படத்தை அழுத்திப் பேசி அனுப்புகிறார்களே, அது அந்த அம்மாவின் கேசட்தான். எழுத்துத் தெரியாதவர்களும் கை ஓயாதவர்களும் அதை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார்கள், யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

என் தொழிலும் அந்த ஓட்டையில்தான் நடந்தது. ஜனங்கள் கோடு போட்ட தாளில் பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிஷக் கேசட்டில் பன்னிரண்டு பாட்டு, தொண்ணூறில் பதினெட்டு. தொண்ணூறில் நாடா மெல்லிசு, சிக்கும் என்று எச்சரித்தாலும் அதைத்தான் கேட்பார்கள். பக்கத்தின் கடைசியில் இரண்டு நிமிஷம் மிஞ்சினால் என்ன போடுவது என்பதுதான் பெரிய பஞ்சாயத்து. காதலில் இருக்கிற பையன் ஒருவன் அந்த இரண்டு நிமிஷத்துக்காக முக்கால் மணி நேரம் யோசித்திருக்கிறான். இதெல்லாம் சட்டப்படி சரியா என்றால், சரியில்லை. அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்க ஆரம்பித்தபோது ரெய்டோடுதான் வந்தார்கள்.

பெரிய கம்பெனிகள் இதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டன. 1987-ல் டேட் என்ற டிஜிட்டல் நாடா வந்தது. அச்சு அசலாகப் பிரதி எடுக்கும் என்று தெரிந்ததும் பாட்டுக் கம்பெனிகள் அலறின. நகல் எடுக்கலாம், நகலுக்கு நகல் எடுக்க முடியாது என்று உள்ளேயே ஒரு பூட்டு. அமெரிக்காவில் அதைச் சட்டமாகவே 1992-ல் போட்டார்கள். டேட் பதிவுக் கூடத்தோடு நின்றுகொண்டது. 2005-ல் சோனி பி.எம்.ஜி. இன்னும் ஒருபடி மேலே போய், சி.டி.யைக் கம்ப்யூட்டரில் போட்டால் கேட்காமல் கொள்ளாமல் உள்ளே ஒளிந்துகொள்ளும் பூட்டு மென்பொருளை வைத்தது. வழக்குகள் வந்தன, தட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தோல்வியில் இவ்வளவு அக்கறை உங்களுக்கும் வேண்டும்.

சந்தா வையுங்கள். கருவிக்கு ஒரு காசு, அது பாடுவதற்கு வருஷா வருஷம் இன்னொரு காசு. வேர்ல்டுஸ்பேஸ் என்ற செயற்கைக்கோள் வானொலியை எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? ஆசியாஸ்டார் என்ற கோள் 2000-ல் மேலே போனது. தமிழுக்கென்று தனி அலைவரிசை, விளம்பரத் தொல்லை குறைவு, அரிய பழைய பாட்டுகள். ஏ.ஆர்.ரஹ்மானே விளம்பரத் தூதர். நானும் கேட்டிருக்கிறேன், பிரமாதமாக இருக்கும். ஆனால் ஆன்டெனாவை ஆகாயத்தில் சரியான மூலை பார்த்துத் திருப்ப வேண்டும், சந்தா தீர்ந்தால் பெட்டி ஊமை. 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இந்தியாவில் சேவை நின்றது. காசு கட்ட மாட்டார்கள் என்பது காரணம் இல்லை. அஞ்சல் அலுவலகத்தில் வரிசையில் நின்று ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டிய தலைமுறை இது. சந்தா கட்டாவிட்டால் கையில் இருக்கிற பெட்டி செத்துப்போகும் என்பதைத்தான் அவர்களால் சகிக்க முடியவில்லை. செத்துப்போன பெட்டியை இங்கே யாரும் தூக்கி எறிவதில்லை. பரணில் வைத்துப் பத்து வருஷம் உங்கள் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள்.

ஆகாசவாணியின் வழி இன்னும் நூதனமானது. கேட்கிற பெட்டி கடையில் வருவதற்கு முன்பே ஒலிபரப்பைத் தொடங்கிவிடுவது. டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் முறையில் முப்பதுக்கும் மேற்பட்ட டிரான்ஸ்மிட்டர்களை நாடெங்கும் நிறுவினார்கள். இரைச்சல் இல்லாத நல்ல ஒலி, மின்சாரமும் மிச்சம். அதைக் கேட்கிற ரேடியோ சில புதிய கார்களில் வந்தது. என் கடைக்கு வந்து ‘டி.ஆர்.எம். செட் இருக்கா’ என்று இன்றுவரை ஒருவர் கேட்டதில்லை. கார் வைத்திருப்பவரும் போனைத்தான் இணைத்துக்கொள்கிறார்.

இது எத்தனையாவது வழி என்று எண்ணிக்கை விட்டுப்போயிற்று. பரவாயில்லை.

சாலையைப் பார்க்காதீர்கள். எங்கள் பக்கத்துத் தனியார் பேருந்துகளுக்குப் பாட்டுதான் அடையாளம். பின்னால் காலியாக ஒரு வண்டி நின்றாலும், பாட்டுக்காகவே முன்னால் நிற்கிற வண்டியில் நின்றுகொண்டு போவார்கள். அந்தப் பேருந்தில் கேசட் பாடியது. பிறகு ஒரு முதலாளி ஆசையாக சி.டி. பெட்டி மாட்டினார். ஆலங்குளம் தாண்டியதும் பள்ளத்துக்குப் பள்ளம் பாட்டு தாவியது. சி.டி.யை வாசிப்பது ஒரு லேசர் புள்ளி. வண்டி குலுங்கினால் அது தடம் மாறிவிடும். சரணத்தில் இருந்தவர் திடீரென்று பல்லவிக்கு வந்துவிடுவார். பயணிகள் சிரித்தார்கள், டிரைவர் மூன்றாம் நாள் பழைய கேசட் பெட்டியை மாட்டிக்கொண்டார். அதன்பிறகு பென் டிரைவ் வந்தது. அதில் சுழல்கிற பாகம் எதுவும் இல்லை, குலுங்கினால் என்ன, கீழே விழுந்தால் என்ன. ஒரே மாதத்தில் எல்லா வண்டியிலும் அதுதான். ஒலியில் எது உசத்தி என்று கேட்டால் சி.டி.தான். பள்ளத்தில் எது உசத்தி என்பதுதான் இங்கே கேள்வி. சாரல் காலத்தில் பீரோவுக்குள்ளேயே பூஞ்சை பூக்கிற ஊர் என்பதையும் மறந்துவிடுங்கள், ஞாபகம் வைத்தால் ஜெயித்துத் தொலைப்பீர்கள்.

பழையதும் இதில் பாடும் என்று சொல்வது ஒரு நல்ல தந்திரம். 1992-ல் பிலிப்ஸ் டி.சி.சி. என்று ஒரு டிஜிட்டல் கேசட் விட்டது. உங்கள் பழைய கேசட்டும் இந்தப் பெட்டியில் பாடும் என்பதுதான் அதன் பெருமை. பழையதுதான் பாடப்போகிறது என்றால் பழைய பெட்டியே போதுமே என்று ஜனங்கள் சும்மா இருந்துவிட்டார்கள். நான்கே வருஷத்தில் மூட்டை கட்டினார்கள். அதே 1992-ல் சோனி விட்ட மினி டிஸ்க் ஜப்பானில் ஓடியது. தென்காசியில் அதைக் கையில் வைத்துப் பார்த்தவர் நான் ஒருவனாகத்தான் இருக்கும், அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஒருவர் இது என்ன என்று கேட்டதற்காக.

இனி கோயில் கொடை என்கிற திருவிழா விஷயம். மைக்செட்காரர் தென்னை உச்சியில் கட்டுகிற குழாய் இருக்கிறதே, அதன் ஒலியைத் துல்லியம் என்று அதைச் செய்தவன்கூடச் சொல்லமாட்டான். ஆனால் கூம்பு வடிவத்துக்கு ஒரு குணம் உண்டு. அதே மின்சாரத்துக்குப் பெட்டி ஸ்பீக்கரைவிடப் பல மடங்கு சத்தத்தை ஒரே திசையில் தள்ளும். சின்ன ஆம்ப்ளிபயரும் ஒரு கார் பேட்டரியும் இருந்தால் அடுத்த ஊர் வரைக்கும் போகும். எங்கள் ஊரில் கொடை என்ற செய்தி அடுத்த ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் கொடை கொடுப்பவர்களின் தேவை. பெட்டி ஸ்பீக்கர் வந்தபோது பெரியவர் ஒருவர், “நெஞ்சுல குத்துது, ஊருக்குக் கேக்கல” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்று அளவும் வைத்திருக்கின்றன. காவல்துறை வந்து குழாயைக் கழற்றுவதும் நடக்கிறது. பெட்டி ஸ்பீக்கர் ஜெயித்ததில் போலீஸுக்குப் பெரிய பங்கு உண்டு, காதுக்கு இல்லை.

செங்கோட்டைக் கிட்டப்பா மைக் இல்லாத நாடக மேடையில் பாடியவர். 1906-ல் பிறந்து 1933-ல், இருபத்தேழு வயதில் போய்விட்டார். இன்றும் எங்கள் பக்கத்துக் கிழவர்கள், தங்கள் அப்பா சொல்லிக் கேட்டதாக, கடைசி வரிசை வரைக்கும் அவர் குரல் கேட்டதைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். பக்கத்துக்கு மூன்று சொச்ச நிமிஷம் பாடுகிற கரகரத்த இசைத்தட்டில்தான் அவர் மிஞ்சியிருக்கிறார். அதைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள் கரகரப்பைக் காதிலேயே வாங்குவதில்லை.

நேர்மையாகச் சொல்வதென்றால், என் வழிகளையெல்லாம் அப்படியே பின்பற்றியும் ஜெயித்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். 1979-ல் சோனி விட்ட வாக்மேனில் பதிவு செய்யும் வசதியே கிடையாது. பூட்டு என்றால் அதுதான் பூட்டு. ஆனால் நடந்துகொண்டே கேட்கலாம் என்ற ஒன்று அதுவரை யாரிடமும் இல்லை. 2016-ல் ஆப்பிள் போனில் ஹெட்போன் ஓட்டையை அடைத்தது. ஊரே சிரித்தது. பிறகு எல்லாரும் அடைத்தார்கள். அந்த ஒயர்தான் போனில் எஃப்.எம்.முக்கு ஆன்டெனா. ஒயர் போனதும் போனிலிருந்து ரேடியோவும் போயிற்று. யாரும் அழவில்லை. அதன்பிறகு காதில் செருகுகிற குட்டி மொட்டுகளைவிடக் கழுத்தில் மாலையாகத் தொங்குகிற நெக்பேண்ட் என் கடையில் அதிகம் போனது. வாங்கியவர்கள் கொத்தனார், டெய்லர், பைக்கில் பார்சல் கொண்டுபோகிற பையன்கள். ஒரு காதில் மாட்டிக்கொண்டு மற்றதைத் தொங்கவிடலாம், கழற்றினால் தொலையாது. அவர்களும் சித்தி கட்சிதான்.

தியேட்டர் கதை வேறு. 1993-ல் ஜுராசிக் பார்க்கோடு வந்த டி.டி.எஸ். பின்னால் எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்களுக்கும் வந்து, தியேட்டர் பெயரோடு இனிஷியல் மாதிரி ஒட்டிக்கொண்டது. போஸ்டரில் நாயகன் பெயருக்குச் சமமாக அந்த மூன்று எழுத்து. அதை ஜனங்கள் கொண்டாடினார்கள், காரணம் ரொம்ப எளிது. பெட்டி வாங்கியவர் தியேட்டர்காரர், நாற்காலி அதிர்ந்தது நமக்கு.

தென்காசிக் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். ராஜகோபுர வாசலில் நுழையும்போது காற்று எதிரே வந்து தள்ளும். கொஞ்சம் உள்ளே போனால் அதே காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து தள்ளி உள்ளே கொண்டுபோகும். புதிதாக வருகிற எந்தச் சாமானையும் இந்த ஊர் அப்படித்தான் நடத்துகிறது. வாசலில் கொஞ்ச நேரம் நிற்கத் தெரிந்தால் தப்பித்தது. பெங்களூர்த் தம்பிக்கு அதற்குள் அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. ஐந்தருவியில் குளித்துவிட்டு, பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போனார். பரோட்டாவைப் பற்றி மட்டும் இன்னும் மெசேஜ் அனுப்புகிறார்.

சித்தியின் மகன் போன வருஷம் அவளுக்கு ஒரு கார்வான் வாங்கிக் கொடுத்தான். முன்பு நாய்ப் படம் போட்டு இசைத்தட்டு விற்ற கம்பெனியின் வாரிசான சரிகம 2017-ல் கொண்டுவந்த பெட்டி. ஐயாயிரம் பாட்டு உள்ளேயே இருக்கிறது. நெட் வேண்டாம், சந்தா வேண்டாம், திருகுவதற்குக் குமிழ். பார்க்க அந்தக் காலத்து ரேடியோ மாதிரியே. நான் இத்தனை நேரம் சொன்ன தோல்வி வழிகளில் ஒன்றைக்கூடக் கடைப்பிடிக்காத பெட்டி, அதனால் நாடு முழுக்க நன்றாகப் போனது. சித்திக்கும் பிடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை துணி உறையை எடுத்துவிட்டுக் கேட்கிறாள், பேத்திகளோடு.

பீடிக்கு உட்கார்ந்தால் மட்டும் பழைய ரேடியோதான். ஏன் என்று கேட்டேன்.

“அது பாடிக்கிட்டே இருக்குய்யா, மணி என்னன்னு சொல்ல மாட்டேங்குது.”

அந்த ரேடியோவுக்கு ஒரு குமிழ் வேண்டும். தண்டு கால் அங்குலத்தைவிடக் கொஞ்சம் மெலிசு, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். குறட்டால் திருகித் திருகி அதன் விளிம்பும் மழுங்கிவருகிறது. திருநெல்வேலி, மதுரை இரண்டு ஊரிலும் தேடிவிட்டேன். பரணில் பழைய செட் கிடந்தால் ஒரு தரம் பாருங்கள். கழற்றிக் கொடுத்தால் கேட்ட விலை தருகிறேன்.